3 ஆயிரம் டென்ட், 10 ஆயிரம் டென்ட், கம்பியே இல்லாத டென்ட்: எது யாருக்கு?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் வாங்குன முதல் டென்ட் நாலு பேர் படுக்கறது, ஆஃபர்ல கிடைச்சுதேன்னு வாங்குனது, பேர் வேணாம். பெட்டில எடை எங்கயும் போடல, சந்தேகம் வந்து தெருமுனை மளிகைக் கடைக்கு தூக்கிட்டுப் போய் "அண்ணாச்சி கொஞ்சம் எடை பாத்துக் குடுங்க"ன்னேன், அவர் தராசுல வெச்சு 4 கிலோ 100னு சொல்லிட்டு "கிலோ என்ன விலை தம்பி"ன்னு கேட்டார். சிரிச்சுட்டு வந்துட்டேன், ஆனா ஹிமாச்சல்ல அதைத் தூக்கிட்டு ஏறறப்ப சிரிப்பு வரல. ரெண்டாவது நாள் ராத்திரி காத்துல ஃபைபர் கம்பி ஒண்ணு நீள வாக்குல பிளந்துடுச்சு, அதுக்குள்ள ஒரு சிலாம்பு என் உள்ளங்கைல ஏறுனது தனிக்கதை.

அதுக்கப்புறம்தான் உக்காந்து ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சேன். நம்ம பட்ஜெட்டுக்கு, ரெண்டு பேர் படுக்கற மாதிரி, முதுகுல தூக்கிட்டு நடக்க லாயக்கா சுத்திச் சுத்தி வர்றது மூணுதான். டெகத்லான்ல விக்கிற கெச்சுவா எம்எச்100, நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2, அப்புறம் 3எஃப் யுஎல்னு ஒரு சீனக் கம்பெனியோட லான்ஷான் 2. டெகத்லான்லயே எம்டி900னு ஒண்ணு இருக்கு, ரெண்டு கிலோவுக்கு கொஞ்சம் கீழ, நல்ல டென்ட்தான், ஆனா விலை ஏறிடுது, அந்தக் காசுக்கு கிளவுட் அப்பே வாங்கி மிச்சத்துல நல்ல மேட் வாங்கிடலாம்ங்கறது என் கணக்கு.

எம்எச்100 மூவாயிரம் சொச்சம், எடை ரெண்டரை கிலோ கிட்ட. கிளவுட் அப் பத்தாயிரத்தை ஒட்டி முன்ன பின்ன இருக்கும், அதுலயே ரெண்டு துணி வருது, 210டி (T, இழை நெருக்கம்) பாலியஸ்டர்னா ரெண்டு கிலோவை நெருங்கும், 20டி (D, நூலோட கனம்) சிலிகான் நைலான்னா ஒன்றரை கிலோ பக்கம். வாங்குறப்ப இதைப் பாக்காம விட்டுட்டு அப்புறம் "ஒன்றரை கிலோன்னு சொன்னாங்களே"ன்னு புலம்பறவங்க நிறைய, ஏன்னா போட்டோல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். லான்ஷான் 1 கிலோ 150 கிராம் சுமாருக்கு வரும். விலையும் கிளவுட் அப் ரேஞ்சுதான், ஆனா இங்க கிடைக்கறது கஷ்டம். 2020 நவம்பர்ல அலிஎக்ஸ்பிரஸை இந்தியால தடை பண்ணதுக்கப்புறம் யாராவது இறக்குமதி பண்ணி விக்கிறவங்ககிட்டதான் வாங்கணும், இல்ல வெளிநாட்டுல இருந்து வர்ற மச்சான் பெட்டில.

லான்ஷான் ஏன் இவ்வளவு கம்மி எடைன்னா அதுல கம்பியே கிடையாது. நாம கைல பிடிச்சு நடக்கற ட்ரெக்கிங் ஸ்டிக் ரெண்டையும் 125 செ.மீ.க்கு நீட்டி உள்ள நட்டு வெச்சுத்தான் தூக்கி நிறுத்தணும். ஸ்டிக் வெச்சு நடக்கற பழக்கம் இருந்தா அந்த எடை எப்படியும் கைல இருக்கறதுதானே, அதனால லாபம். பழக்கம் இல்லாதவங்க அதுக்குன்னு ஸ்டிக் ரெண்டு வாங்குனா கால் கிலோ, அரைக் கிலோ அங்க ஏறிடும், கணக்கு அவ்வளவு அழகா இருக்காது.

ஆனா எடைய விட முக்கியமான விஷயம் தரை. இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஹிமாச்சல்ல ஹம்ப்டா பாஸ்ங்கற கணவாய்க்குப் போற வழில பாலு கா கேரான்னு ஒரு கேம்ப் இடம், ஆத்தங்கரை, பேர்லயே மணல் இருக்கு. அங்க முளை அடிச்சா வெண்ணெய்ல கத்தி மாதிரி சர்ருனு இறங்கும், அதே மாதிரி சர்ருனு வெளியவும் வந்துடும். லான்ஷானுக்கு குறைஞ்சது ஆறு முளை பிடிச்சு நிக்கணும், ஒண்ணு கழண்டா மொத்த டென்ட்டும் மூஞ்சில வந்து படுக்கும். அங்க பண்ண வேண்டியது என்னன்னா, கயிறு நுனில ஒரு சின்னக் கல்லைக் கட்டிட்டு, அது நழுவாம அதுக்கு முன்னாடி ஒரு பெரிய பாறாங்கல்லை வெச்சு முட்டுக் குடுக்கணும். கஷ்டம் ஒண்ணும் இல்ல, ஆனா இருட்டுல, விரல் மரத்துப்போன நேரத்துல, ஆறு இடத்துல கல்லு தேடறது இருக்கே.

எம்எச்100 இந்த விஷயத்துல ராஜா. ரெண்டு கம்பி குறுக்க போகும், வளைச்சு மாட்டுனா முளை இல்லாமலே நிக்கும், இடம் சரியில்லைன்னா அப்படியே குடை மாதிரி தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வைக்கலாம் (காத்து அடிச்சா முளை கண்டிப்பா வேணும், இல்லன்னா பட்டம்தான்). குறைன்னா ஃபைபர் கம்பி, கனம் ஜாஸ்தி, மடிச்சாலும் நீளமா இருக்கறதால பேக்குக்கு வெளிய சைடுல கட்டித்தான் போகணும். கிளவுட் அப் நடுவுல. அலுமினியக் கம்பி, ஒய் எழுத்து மாதிரி, தலைப்பக்கம் தானா நிக்கும், கால்பக்கத்து ரெண்டு மூலையும் முளை அடிச்சாத்தான் விரியும். அதாவது கல்லு தேடற வேலை ஆறுல இருந்து ரெண்டு மூணா குறையும்.

மழைல போடறப்ப கதை தலைகீழ். எம்எச்100, கிளவுட் அப் ரெண்டுக்கும் உள் டென்ட்டை முதல்ல நிறுத்தி அதுக்கு மேல ரெயின்ஃப்ளைங்கற வெளித்துணியை போத்தணும், அந்த ரெண்டு நிமிஷத்துல உள்ள தண்ணி. லான்ஷான்ல வெளித்துணியோடவே நிறுத்திடலாம், உள்ளறை அதுக்கடில தொங்கிட்டு இருக்கும், நனையாது. ரெண்டு பக்கமும் கதவு வேற, ராத்திரி ஒண்ணுக்குப் போக பக்கத்துல படுத்திருக்கறவன் மேல ஏறி மிதிக்க வேண்டியதில்ல. கிளவுட் அப்ல ஒரே கதவு, தலைமாட்டுல. உள்ள அகலம் 125 செ.மீ., ரெண்டு மேட் போட்டா சரியா போச்சு, ஷூவும் பேக்கும் வெளிய அந்த முன்வாசல் மாதிரி இருக்கற இடத்துல. நெருங்குன ஃப்ரெண்டு கூட மட்டும் போங்க.

லான்ஷானுக்கு இன்னொரு வேலை இருக்கு. தையல் இடத்துல டேப் ஒட்டி வராது, சிலிகான் துணில டேப் பிடிக்காது, அதனால வாங்குன உடனே மொட்டை மாடில நிறுத்தி தையல் ஓட்டையை அடைக்கற சீலர் தடவி ஒரு நாள் காய வைக்கணும். அப்புறம் நைலான் நனைஞ்சா தொய்யும், போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய போய் கயித்தை ஒரு தடவை இழுத்து விடணும், கிளவுட் அப் 20டிக்கும் இதேதான். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது.

விடிகாலைல கைய மேல வெச்சா ஈரமா இருக்கும், உடனே டென்ட் ஒழுகுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது நம்ம மூச்சு. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க விடற மூச்சு குளிர்ந்த துணில பட்டு தண்ணியா நிக்குது. ஆத்துக்கு ஒட்டி போடாம கொஞ்சம் மேட்டுல போட்டு, காத்து போற வென்ட்டைத் திறந்து விட்டா பாதி குறையும். குளிருதேன்னு எல்லாத்தையும் இழுத்து மூடுனா காலைல ஸ்லீப்பிங் பேக் நனைஞ்சிருக்கும்.

இதையெல்லாம் எங்க போட போறீங்கங்கறதும் கேட்டுக்கணும். 2018 குரங்கணி தீக்கு அப்புறம் தமிழ்நாட்டு காப்புக்காட்டுல அனுமதி இல்லாம நாமளா போய் டென்ட் போடற பேச்சே இல்ல, 2024ல வனத்துறை ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு ரூட்டுக்கெல்லாம் கைடோட போய்ட்டு வர்றதுதான். உத்தராகண்ட்லயும் 2018ல ஹைகோர்ட் உயர மலைப் புல்வெளில ராத்தங்கல் கூடாதுன்னுடுச்சு. ஏலகிரி, கொடைக்கானல் பக்கம் காசு குடுத்து தங்கற பிரைவேட் கேம்ப், பைக் ட்ரிப், இதுக்கு மட்டும்னா எம்எச்100 போதும், பத்தாயிரம் வேஸ்ட். ஹிமாச்சல் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நாலஞ்சு நாள் ரெண்டு பேரா சுமந்து போறவங்கன்னா என் ஓட்டு கிளவுட் அப் 20டிக்குத்தான், ஆளுக்கு முக்கால் கிலோ, நான் கம்பியும் ரெயின்ஃப்ளையும் கூட வர்ற ஃப்ரெண்டு உள் டென்ட்டும் முளையும்னு பிரிச்சுக்கறோம். தனியா நடக்கறவர், கைல எப்பவும் ஸ்டிக், முடிச்சு போட சலிக்காதவர்னா லான்ஷான்.

சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு, திரும்பி வந்து ஈரத்தோட பைல திணிச்சு பரண்ல போட்டுடாதீங்க, நம்ம ஊர் புழுக்கத்துல உள் கோட்டிங் பிசுபிசுன்னு ஆகி உரிய ஆரம்பிக்கும், வாடை போகவே போகாது. ஃபேன் காத்துல ரெண்டு நாள் காய வெச்சு பழைய தலகாணி உறைல தளர்வா போட்டு வெச்சா போதும்.

அப்புறம் முளையை செக்-இன் பேக்ல போடுங்க. போன தடவை கேபின் பேக்ல வெச்சிருந்த எட்டையும் ஏர்போர்ட்ல எடுத்துக்கிட்டாங்க, மணாலில ஒரு ஹார்டுவேர் கடைல ஆறு இஞ்ச் ஆணி வாங்கித்தான் அந்த ட்ரிப் ஓடுச்சு. ஆணி நல்லாவே நின்னுச்சு, பாலு கா கேரால மட்டும் மறுபடி கல்லுதான்.