செயின்ட் ஆல்பன்ஸா, ஸ்டீவனேஜா?

லண்டனில் வேலை, அதற்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷர் மாவட்டத்தில் வீடு என்று முடிவெடுத்தவர்களில் பலர் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வயது
செயின்ட் ஆல்பன்ஸ்: ரோமானியரின் வெருலாமியம் நகரம் இருந்த இடம். 11ஆம் நூற்றாண்டில் பேராலயக் கோபுரம் எழுப்ப, பாழடைந்த அந்த நகரத்துச் செங்கற்களையே பெயர்த்து வந்தார்கள். சிவந்த, தட்டையான அந்தக் கற்களை இன்றும் கோபுரத்தில் பார்க்கலாம்.
ஸ்டீவனேஜ்: பழைய சிற்றூர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டன் நெரிசலைக் குறைக்க, 1946இல் முதல் 'புதுநகரம்' ஆக அறிவித்தார்கள். கொதித்துப்போன உள்ளூர்க்காரர்கள், அமைச்சர் லூயிஸ் சில்கினைச் சாடி ரயில் நிலையப் பலகையில், ஸ்டாலின்கிராட் போன்ற சோவியத் ஊர்ப் பெயர்களின் பாணியில், 'சில்கின்கிராட்' என்று கேலியாக எழுதினார்கள். நிலம் பறிபோகும்போது வரும் கோபம், நியாயமானதே.

ரயில்
செயின்ட் ஆல்பன்ஸிலிருந்து லண்டன் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்துக்குச் சுமார் 20 நிமிடம். ஸ்டீவனேஜிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு விரைவு ரயிலில் சுமார் 25. பெரிய வித்தியாசமில்லை.

விலை
செயின்ட் ஆல்பன்ஸ் கையைக் கடிக்கும். ஸ்டீவனேஜில் அதே பணத்துக்குக் கூடுதலாக ஓர் அறையே கிடைக்கலாம்.

நடமாட்டம்
செயின்ட் ஆல்பன்ஸில் புதன், சனிக்கிழமைகளில் தெருச்சந்தை. ஸ்டீவனேஜில் 1959இல் திறந்த, கார் நுழையாத கடைவீதி. சாலைக்கு அடியில் புகுந்து போகும் தனிச் சைக்கிள் பாதைகள்.

பழமையும் சந்தையும் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் செயின்ட் ஆல்பன்ஸ். முதல் வீடு, சைக்கிள் பழகும் வயதில் பிள்ளைகள் என்றால் தயங்காமல் ஸ்டீவனேஜ்.