ஒரு வினைச்சொல்லுக்காக மூன்று நாள்

மலேசியாவில் பீடோருக்கும் தெலுக் இந்தானுக்கும் இடையிலுள்ள எங்கள் தோட்டப்புறச் சிற்றூருக்கு, நான் வாழும் இங்கிலாந்திலிருந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு வார விடுப்பில் போயிருந்தேன். நான் போய் இறங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, தோட்டச் சாலைக்குள் வலப்புறம் திரும்புவதற்காக விளக்கைப் போட்டுக்கொண்டு பெரிய சாலையில் நின்றிருந்த அண்ணனின் பழைய கஞ்சில் காரைச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி ஒன்று பின்னாலிருந்து மோதி வடிகாலில் தள்ளியிருந்தது. வலது காறை எலும்பு முறிந்திருந்தது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உயிர் பிழைத்ததற்கு முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்ட சேவலை அண்ணி அதற்குள் கொடுத்துவிட்டிருந்தார்.

மருத்துவமனைச் சீட்டுகள், எக்ஸ்ரே, மருந்துக்கடை ரசீதுகள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் ஒழுங்காக இருந்தன. அண்ணனுக்கு வயது 57. எதிர்கால வருமான இழப்பைக் கேட்க 60 வயது வரைதான் இடம் உண்டு என்பதால் சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொன்னேன். எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில்தான் டின்னின் அடியில் கிடந்த காவல்துறைப் புகாரின் நகலை எடுத்துப் படித்தேன்.

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் ஓட்டுநர் புகார் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஊசி மயக்கம் தெளியாத நிலையில், கையைத் தூளியில் தொங்கவிட்டபடி, அன்றிரவே அண்ணன் பாலாய்க்கு, அதாவது காவல் நிலையத்துக்கு, போயிருக்கிறார். அவர் பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சொல்லச் சொல்ல, முகப்பிலிருந்த காவலர் தட்டச்சு செய்து, அச்சிட்டு நீட்டியதை வாசிக்காமலேயே இடது கையால் ஒப்பமிட்டுவிட்டார். அதில் 'திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தபோது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'செமாசா மெம்பெலோக்', அதாவது 'திரும்பிக்கொண்டிருந்தபோது' என்று இருந்தது.

இது சிறிய பிழை அன்று. நின்ற காரைப் பின்னாலிருந்து இடித்தவன் பதில் சொல்லியே ஆக வேண்டும். திரும்பிக்கொண்டிருந்த காரென்றால், 'குறுக்கே வந்தாய், உன் மீதும் பாதித் தவறு' என்று எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் பேரம் பேசுவார், இழப்பீடும் அந்த அளவுக்குக் குறையும். இத்தனைக்கும் அண்ணன், "அதெல்லாம் அவங்களுக்குப் புரியும் தம்பி, விடு" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. 2022இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் என் காரை ஒருவர் பின்னால் இடித்தபோது, வீட்டுச் சமையல் மேசையில் அமர்ந்து என் வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்து, மூன்று முறை திருத்தி, அதற்கென இருக்கும் இணையதளத்தில் ஏற்றினேன். ஆனால் எங்கள் தோட்டத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. தோட்டக் குடியிருப்பான லயத்து மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்த பழைய கிராணி (எழுத்தர்), "வாசிச்சுக் காட்டுறேன், கேளு, அப்புறம் கைநாட்டு வை" என்று சொல்லாமல் யாரையும் விட்டதில்லை. படிக்கத் தெரியாத அப்பாவுக்குக் கிடைத்த அந்த மரியாதை, படிக்கத் தெரிந்த அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

முதல் புகாரை யாராலும் மாற்ற முடியாது, கூடுதல் புகார் ஒன்று கொடுக்கத்தான் முடியும். அதுவும் தாமதமானால் 'யாரோ சொல்லிக்கொடுத்து எழுதியது' என்பார்கள் என்பதால் மறுநாளே போனோம். கணினி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாள், விசாரணை அதிகாரியைக் கேட்டு வரச் சொன்னார்கள். மாவட்டத் தலைமையகத்துக்குப் போனால் அவர் நீதிமன்றத்தில் இருந்தார். கழுத்துப் பட்டையோடு அண்ணன் மர பெஞ்சில் இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்தார். அந்த நேரத்தில் எங்களை அணுகிய தரகர் ஒருவர், வெற்றுத் தாள்களில் ஒப்பமிட்டால் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகக் கூறினார். இங்கிலாந்தில் இத்தகையோர் தொலைபேசியில்தான் தொல்லை தருவார்கள்.

மூன்றாம் நாள் முகப்பில் ஓர் இளம் பெண் காவலர் இருந்தார். "பாச்சிக் (மாமா), மெதுவாகச் சொல்லுங்கள்" என்று மலாயில் கேட்டு, தட்டச்சு செய்ததை வரிவரியாக உரக்க வாசித்தார். 'நின்ற' என்பதற்கான 'பெர்ஹெந்தி' என்ற சொல் வந்ததும், அதைத்தான் சொன்னேன் என்பதுபோல் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்க முயன்று, கழுத்தைப் பிடித்துக்கொண்டார். முதல் புகாரின் எண்ணையும், அதைக் கொடுத்தபோது அண்ணன் மருந்து மயக்கத்தில் இருந்ததையும் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார். மொத்தம் இருபது நிமிடம்.

இதற்கிடையில் நான் எதிர்பாராத உதவி ஒன்றும் கிடைத்தது. முச்சந்தி மளிகைக் கடையின் சீன முதலாளியான தவுக்கே, எங்கள் அப்பாவுக்குக் கடன் புத்தகம் வைத்திருந்தவரின் மகன், கேமராப் பதிவு அழிந்துவிடும் என்று தாமாகவே அதை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தார். மோதல் அதில் இல்லை, லாரியும் இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும், இடம் மாறாமல், பதினோரு முறை மினுக்கி அணைகிறது. அசல் பதிவுப் பெட்டியையும் சிறிது காலம் அழிக்காமல் வைக்கக் கேட்டதற்கு, "உங்கப்பா கணக்கையே நாங்க அழிக்கல" என்று தமிழிலேயே சிரித்தார்.

வழக்குத் தொடர இங்கே ஆறு ஆண்டு அவகாசம், இங்கிலாந்தில் மூன்றுதான். ஆனால் விபத்து இடத்தின் வரைபடமும் அதன் விளக்கக் குறிப்பும் விசாரணை முடிந்த பிறகே கிடைக்கும். கண்ணாடித் துண்டுகள் சாலையில் எங்கே கிடந்தன என்பதை அதில்தான் பார்க்க முடியும். நான் விமானம் ஏறும் வரை அது வரவில்லை. இரண்டு புகார்களின் எண்களையும் அண்ணி குளிர்பதனப் பெட்டிக் கதவில், முருகன் நாட்காட்டிக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார்.