தாளா, கைபேசியா, நேரில் ஒரு ஆளா?

யாழ்ப்பாணத்தில் நிலையான வீடில்லாத இளையோர் என்றால் பஸ் நிலையத்தில் படுப்பவர்கள் மட்டுமல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில், நலன்புரி நிலையம் எனும் முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. இன்றைக்கு மாமா வீடு, நாளைக்கு வேலை செய்யும் கடையின் பின்பக்கம் என்று மாறித் தங்குபவர்களும் உண்டு. இவர்களைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்புமுன் வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வரும் என்று அறியவேண்டும். எதை வைத்து அறிவது?

தாள் பரீட்சை மலிவு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன் வெற்றுத்தாளைத் தந்துவிட்டுப் போனால், தெரியாமல் விட்டானா, வெட்கத்தில் விட்டானா என்பது நமக்கு விளங்காது.

கைபேசியில் அந்தக் கூச்சம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2001 இல் தொடங்கிய எம்-லேர்னிங் திட்டம், படிப்பை விட்ட 16 முதல் 24 வயது வரையானவர்களைத் தேடிப்போனதும் கைபேசி வழியேதான். கணக்குக்கு இது நன்றாகப் பொருந்தும். 640 ரூபாவுக்குச் சாமான் வாங்கி 1000 ரூபா கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? தொட்டுத் தெரிய வைக்கும் விடைகளில், சரியான 360 உடன் 460 ஐயும் வைக்கவேண்டும். அதைத் தொடுபவனுக்குக் கழித்தல் தெரியும், பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கியதைத்தான் மறக்கிறான். அவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வாசிப்பில் கைபேசியை நான் நம்பமாட்டேன். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் நாலில் ஒரு தடவை சரியாகும். எழுத்தும் அப்படித்தான்: எங்கள் பெடியள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், இல்லாவிட்டால் குரல் பதிவு அனுப்புவார்கள். தமிழ் எழுத்து எவ்வளவு தெரியும் என்பது அதில் மறைந்துபோகும்.

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் பயன்படுத்தும் அசர் முறை வாசிப்புக்கு மேல். எழுத்து, சொல், பந்தி, கதை என்று ஒவ்வொருவராக இருத்தி வாசிக்கக் கேட்பார்கள். சில நிமிடம் போதும். எந்தக் கூட்டெழுத்தில் நாக்குத் தடுக்குகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். அது சிறுபிள்ளைகளுக்கு உருவானது, அதனால் கதையை மட்டும் மாற்றவேண்டும். இருபது வயதுக்காரனிடம் அணில் கதையை நீட்டாமல் கடை விளம்பரத்தையோ மருந்துச் சீட்டையோ கொடுங்கள். பொறுமையான ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

என் தெரிவு: கணக்கு கைபேசியில், வாசிப்பு ஆளிடம், தாள் வேண்டாம். செயலி டேட்டா இல்லாமல் ஓடவேண்டும், ரீலோட் போடக் காசில்லாத நாட்களே அவர்களுக்கு அதிகம். அப்புறம், தொடங்குமுன் "தம்பி, போன் உங்கடையா, இரவலா?" என்று கேளுங்கள். இரவல் என்றால் புள்ளிகள் அதில் தங்கக்கூடாது.