கென்ட்ரிக்கா, டைலரா?

2024 கடைசியில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வளர்ந்த இரண்டு ராப் பாடகர்கள் ஒரு மாத இடைவெளிக்குள் ஆல்பம் வெளியிட்டார்கள். அக்டோபர் 28-இல் டைலர் தி கிரியேட்டரின் 'குரோமகோப்பியா'. நவம்பர் 22-இல் கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்', எந்த முன்னறிவிப்பும் இல்லாமல்.

கென்ட்ரிக்கின் ஆல்பத்தில் 12 பாடல்கள், மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. 1987-இல் வந்த ஒரு பியூக் காரின் பெயர்தான் தலைப்பு. அவர் பிறந்ததும் அதே வருடம். பேஸ் எனும் அடித்தொனி அதிரும்போது கார் ஜன்னலை இறக்கிவிடத் தோன்றும். உள்ளூருக்கு வெளியே அதிகம் தெரியாத ராப்பர்களுக்கு அவர் இடம் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆல்பம் தொடங்குவதே மெக்சிகோவின் மரபிசையான மரியாச்சி பாடும் பாடகி டெய்ரா பரேராவின் குரலில். அந்தச் சில நொடிகளுக்கே சிலிர்த்துவிடும்.

டைலர் வேறு மாதிரி. வெள்ளிக்கிழமைதான் ஆல்பம் வரும் என்ற வழக்கத்தை விட்டுத் திங்கள் காலையில் வெளியிட்டார். இசைத் தயாரிப்பும் பெரும்பாலும் அவரே. ஜாம்பியாவின் பழைய ராக் பாடல் ஒன்றை எடுத்து, புகழ் தரும் பயத்தைச் சொல்ல வைத்திருக்கிறார். அப்புறம் அவருடைய அம்மாவின் குரல். ஆல்பம் முழுக்க இடையிடையே வந்து அறிவுரை சொல்கிறது. அப்பா இல்லாமல் வளர்ந்ததைப் பற்றிய பாடலின் முடிவில், தவறு தன்னுடையது என்று அந்த அம்மாவே சொல்கிறார். முதல் முறை கேட்டபோது அடுத்த பாட்டுக்குப் போக முடியவில்லை.

வரிக்கு வரி கூர்மை என்றால் கென்ட்ரிக்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரவில் தனியாக ஹெட்போன் மாட்டினால் என் கை டைலரிடம்தான் போகிறது.