ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஆன்லைன் மாஸ்டர்ஸ்: 27,000 டாலருக்கு எனக்கு என்ன கிடைச்சுது

ஊர்ல பிடிஎஸ் முடிச்சு மூணு வருஷம் கிளினிக்ல பல்லு புடுங்கிட்டு இருந்தவ நான். கல்யாணமாகி டல்லாஸ் பக்கம் வந்து இறங்கினதும்தான் தெரிஞ்சுது, இங்க டென்டிஸ்ட்டா உட்காரணும்னா மறுபடியும் ரெண்டு மூணு வருஷம் டென்டல் ஸ்கூல் போகணும், அதுக்கு லட்சம் டாலருக்கு மேல ஆகும், இடுப்புல ரெண்டு வயசு பையன் வேற. அப்போ யாரோ சொல்லித்தான் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ்ங்கற வார்த்தையே காதுல விழுந்துச்சு. 36 கிரெடிட், கிரெடிட்டுக்கு 750 டாலர், மொத்தம் 27,000, டெக்னாலஜி ஃபீஸ் அந்த ஃபீஸ் இந்த ஃபீஸெல்லாம் தனி. ரெண்டரை வருஷம் இழுத்து போன மே மாசம் முடிச்சேன். யூனிவர்சிட்டி பேரு சொல்லப்போறதில்ல, ஏன்னா நிறைய குறை சொல்லப்போறேன். ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை, அந்த ஒன்றரை எங்க போச்சுன்னுதான் இவ்ளோ பெருசா எழுதறேன்.

அத்தை இன்னும் "அது டாக்டர் படிப்பா கம்ப்யூட்டர் படிப்பா"ன்னுதான் கேக்கறாங்க. ரெண்டுக்கும் நடுவுல. 2009ல ஹைடெக் சட்டம்னு ஒண்ணு போட்டு, பேப்பர் ஃபைல விட்டு கம்ப்யூட்டருக்கு மாறுற ஆஸ்பத்திரிக்கெல்லாம் அமெரிக்க கவர்மென்ட்டே காசு குடுத்துச்சு, எல்லாரும் மாறினாங்க, ஆனா இந்த ஆஸ்பத்திரி சிஸ்டம் எழுதறது அந்த ஆஸ்பத்திரி சிஸ்டத்துக்கு புரியல. அந்த பஞ்சாயத்தை தீர்க்கறதுதான் வேலைன்னு வச்சுக்கோங்க.

ஒரு நாள் ராத்திரி பையன் தூங்கினதுக்கப்புறம் ப்ரோஷர் டவுன்லோட் பண்ணலாம்னு ஒரு ஃபார்ம்ல போன் நம்பர் குடுத்துட்டேன். அதுதான் பண்ண முதல் தப்பு. மறுநாள் காலைல தோசைக்கல்லுல மாவு ஊத்திட்டு இருக்கறப்போ போன், என்ரோல்மென்ட் அட்வைசராம், அந்த ஒரு வாரத்துல மட்டும் 11 கால். ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு வேணாம், இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டா அப்ளிகேஷன் ஃபீஸ் இல்லன்னு ஆடித் தள்ளுபடி மாதிரி பேசறார். நான் ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டேன், ப்ராக்டிகம், அதான் நேர்ல போய் வேலை பாத்து கத்துக்கற பகுதி, அதை எங்க பண்றது, இடம் நீங்க பாத்துக் குடுப்பீங்களான்னு. "வழி நெடுக கூடவே இருப்போம்"னார். நானும் தலையாட்டிட்டேன். அவர் யூனிவர்சிட்டி ஆளே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆன்லைன் கோர்ஸுக்கு ஆள் சேர்த்து விட ஓபிஎம்னு வெளி கம்பெனிங்க இருக்கு, கட்டற ஃபீஸ்ல பாதி வரைக்கும்கூட அவங்களுக்கு பங்கு போற மாதிரி ஒப்பந்தமெல்லாம் இங்க சகஜம். அதனால போன்ல வர்றவங்ககிட்ட முதல்ல கேளுங்க, உங்களுக்கு சம்பளம் குடுக்கறது யாருன்னு.

சேர்றதுக்கு முன்னாடி நான் சரியா பண்ணதும் ஒண்ணு உண்டு, அக்ரெடிடேஷன் பாத்தேன். இந்த படிப்புக்குன்னே கஹீம்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க சைட்ல எந்தெந்த ப்ரோக்ராமுக்கு அங்கீகாரம் உண்டுன்னு லிஸ்ட் போட்டிருப்பாங்க. யூனிவர்சிட்டிக்கு அங்கீகாரம் இருக்கறது வேற, இந்த ப்ரோக்ராமுக்கு இருக்கறது வேற, அட்வைசர் ரெண்டையும் ஒண்ணாக்கி பேசுவார், ஏமாறாதீங்க. அதே மாதிரி ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் வேற, ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் வேற. ஆர்ஹெச்ஐஏ பரீட்சை எழுதி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பக்கம் போகணும்னா ரெண்டாவதுதான் வேணும், பேரு ஒரே மாதிரி இருக்குன்னு என் பேட்ச்ல ஒரு ஃபார்மசிஸ்ட் அக்கா மாறி வந்து சேர்ந்துட்டு ரெண்டாவது செமஸ்டர்லதான் கண்டுபிடிச்சாங்க, பாவம்.

பாக்காம விட்டது, இந்த ப்ரோக்ராமை நடத்தற டிபார்ட்மென்ட் எதுன்னு. மெடிக்கல் ஸ்கூல் நடத்தினா ஒரு மாதிரி இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தினா ஒரு மாதிரி, என்னோடது பிசினஸ் ஸ்கூல் கையில இருந்துச்சு. அதனால 12 பேப்பர்ல நாலு லீடர்ஷிப், சேஞ்ச் மேனேஜ்மென்ட், ஸ்ட்ராட்டஜின்னு ஒரே பிட்டை திருப்பித் திருப்பி ஓட்டினாங்க. வாரா வாரம் டிஸ்கஷன் போஸ்ட் ஒண்ணு, கூட படிக்கறவங்க ரெண்டு பேருக்கு 150 வார்த்தைல ரிப்ளை. "உங்க கருத்து ரொம்ப சிந்திக்க வச்சுது"ன்னு நான் அவங்களுக்கு, அவங்க எனக்கு, மாத்தி மாத்தி மொய் எழுதற மாதிரி. இந்த நாலு பேப்பருக்கு போன 9,000 டாலரை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

ஆனா டேட்டாபேஸ் பேப்பர் இருக்கே, அது ஒண்ணுக்காகவே மூணரை குடுக்கலாம். மிமிக்னு ஒரு டேட்டா, பாஸ்டன்ல இருக்கற பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி ஐசியூல சேர்ந்த 40,000த்துக்கும் மேல நிஜ பேஷன்ட்டோட ரெக்கார்டு, பேரு ஊரெல்லாம் எடுத்துட்டு ஆராய்ச்சிக்கு குடுக்கறாங்க. சும்மா கிடைக்காது, மனுஷங்க டேட்டாவை எப்படி கையாளணும்னு ஒரு ட்ரெயினிங் முடிச்சு கையெழுத்து போட்டு குடுக்கணும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு டேட்டாபேஸ்ல தேடறதுக்குன்னு இருக்கற எஸ்க்யூஎல் மொழில முதல் க்வெரி எழுதி ஓட்டறேன், பேஷன்ட் அட்மிட் ஆன வருஷம் 2100க்கு மேல எங்கயோ இருக்கு, வயசு 300ன்னு ஒரு பாட்டி. டேபிளுங்களை தப்பா ஜாயின் பண்ணிட்டேன்னு ஒரு மணி நேரம் க்வெரிய குடைஞ்சேன், வீட்டுக்காரர் ஐடிதான், அவரை எழுப்பினேன், அவரும் கண்ணைக் கசக்கிட்டே பாத்துட்டு "க்வெரி சரியாத்தான் இருக்கு, உங்க பாட்டிதான் சரியில்ல"ன்னுட்டு திரும்பி படுத்துட்டார். காலைல டாக்குமென்டேஷன் படிச்சா விஷயம் வெளங்குது. பேஷன்ட் தகவலைக் காக்கற ஹிப்பாங்கற அமெரிக்க சட்டப்படி அடையாளம் காட்டற 18 விஷயத்தை மறைக்கணும், 89 வயசுக்கு மேல போனா அந்த வயசே ஒரு அடையாளம், ஒரு ஊர்ல 97 வயசுல எத்தனை பேர் இருந்துடப் போறாங்க, அதனால வேணும்னே 300னு தள்ளி வச்சிருக்காங்க, தேதியெல்லாம் எதிர்காலத்துக்கு நகர்த்திட்டாங்க. பிடிஎஸ்ல அஞ்சு வருஷம் பேஷன்ட் ரகசியம் பேஷன்ட் ரகசியம்னு மனப்பாடம் பண்ணிருக்கேன், அன்னிக்குத்தான் அது எப்படி இருக்கும்னு கண்ணால பாத்தேன்.

இன்னொண்ணு ஃபயர். நெருப்பு இல்ல, ஹெச்எல்7 அமைப்போட ஸ்டாண்டர்டு, ஆஸ்திரேலியாக்காரர் கிரஹாம் க்ரீவ் 2011ல ஆரம்பிச்சது, ஆஸ்பத்திரி சிஸ்டம் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு இப்போ எங்க பாத்தாலும் இதான். பிறந்த தேதிய வருஷம்-மாசம்-நாள்னு ஒரே வரிசைலதான் போடணும், 03/04/1962ன்னு அனுப்பினா சர்வர் தூக்கி எறிஞ்சிடும். மார்ச் நாலா ஏப்ரல் மூணான்னு நம்ம ஊருக்கும் அமெரிக்காவுக்கும் நடுவுல முழிச்சவங்களுக்கு இதோட அருமை தெரியும். என் ப்ரோக்ராம்ல இதுக்கு வெறும் ரெண்டு வாரம்தான் குடுத்தாங்க. சிலபஸ் வாங்கிப் பாக்கறப்போ ஃபயர், எஸ்க்யூஎல் ரெண்டும் எத்தனை வாரம்னு எண்ணிப் பாருங்க, வேலைக்கு இன்டர்வியூ போனப்போ என்கிட்ட கேட்டது இது ரெண்டும்தான், லீடர்ஷிப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல.

இப்போ ப்ராக்டிகம். 160 மணி நேரம் ஏதாவது ஆஸ்பத்திரிலயோ கிளினிக்லயோ வேலை பாத்தாத்தான் டிகிரி. வழி நெடுக கூடவே வர்றேன்னாங்களே, அந்த சப்போர்ட் என்னன்னா ஒரு பிடிஎஃப். அதுல ஆஸ்பத்திரிக்கு மெயில் எழுதறது எப்படின்னு மாதிரி லெட்டர், கட்டம் போட்ட இடத்துல உங்க பேரை நிரப்பிக்கோங்கன்னு. அவ்ளோதான். 43 மெயில் அனுப்பினேன், ஒரு எக்ஸெல்ல கணக்கு வச்சிருக்கேன். ஆறு பேர் பதில் போட்டாங்க, அதுல நாலு பேர், உங்க யூனிவர்சிட்டியோட எங்களுக்கு ஒப்பந்தம் இல்ல, லீகல் டிபார்ட்மென்ட் பாத்து கையெழுத்தாக மாசக்கணக்காகும்னாங்க. ஏற்கெனவே ஆஸ்பத்திரில வேலை பாக்கற நர்ஸ் பிள்ளைங்க அவங்கவங்க வார்டுலயே முடிச்சிட்டாங்க, என்ன மாதிரி வெளில இருந்து வந்தவங்கதான் அல்லாடினோம். ஒரு செமஸ்டர் தள்ளிப் போச்சு, அந்த செமஸ்டருக்கும் பேரு ரெஜிஸ்டர்ல இருக்கணும்னு ஒரு ஃபீஸ் வாங்கினாங்க பாருங்க, அங்கதான் ஒரு ஸ்டார் முழுசா போச்சு.

கடைசில பையன் ஸ்கூல்ல பழக்கமான ஒரு அம்மா மூலமா, இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்கற ஒரு சின்ன கிளினிக் கிடைச்சுது, மெடிக்கலும் டென்டலும் ஒரே கூரைக்கு கீழ. அவங்க பிரச்சனை, சுகர் பேஷன்ட் லிஸ்ட் எடுத்தா எப்பவும் ஆள் குறையுது. உட்கார்ந்து நோண்டினா, மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் இருக்கே, அது ஒரு லேப்ல இருந்து ஏ1சின்னு வருது, இன்னொரு லேப்ல இருந்து ஹெச்பிஏ1சின்னு வருது, நர்ஸம்மா கையால அடிக்கறப்போ ஹீமோகுளோபின் ஏ1சின்னு போடறாங்க, ரிப்போர்ட் முதல் பேரை மட்டும் தேடுது. லோயின்க்னு லேப் டெஸ்ட்டுக்கெல்லாம் ஒரு பொது நம்பர் பட்டியல் இருக்கு, அதுல இதுக்கு 4548-4. மூணையும் அதுல கொண்டுபோய் கட்டினேன், லிஸ்ட் எடுத்தா ஆளுங்க கூடிட்டாங்க. அதுல சில பேர் பல் ஆடுதுன்னு டென்டல் பக்கம் வந்துட்டுப் போனவங்க, சுகர் இருந்தா ஈறு கெடும்னு எனக்குத் தெரியும், ஆனா அந்த டென்டிஸ்ட் ஸ்க்ரீன்ல சுகர்னு ஒரு வார்த்தை இல்ல. ரெண்டரை வருஷத்துல நான் டென்டிஸ்ட்டா இருந்தது வீண் போகலன்னு தோணின ஒரே வாரம் அது.

வேலை? கிடைச்சுது, நாலு மாசம் ஆச்சு, ஜூனியர் அனலிஸ்ட். எபிக்னு ஆஸ்பத்திரிங்க பயன்படுத்தற ரெக்கார்டு சாஃப்ட்வேர் ஒண்ணு, அதுல சர்டிஃபிகேஷன் வச்சிருக்கீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க, ஆனா அதை நாமளா காசு கட்டி வாங்க முடியாது, வேலை குடுக்கற ஆஸ்பத்திரி ஸ்பான்சர் பண்ணி அனுப்பினாத்தான் உண்டு. வேலைக்கு சர்டிஃபிகேட் வேணும், சர்டிஃபிகேட்டுக்கு வேலை வேணும். டிகிரி முடிச்சா எபிக் சுலபம்னு எந்த அட்வைசராவது சொன்னா போனை வச்சிடுங்க.

விசா பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. ஹெச்1பி வேலை விசாக்காரரோட துணைக்கு குடுக்கற ஹெச்4ல இருந்துட்டே படிக்கலாம், விசா மாத்த வேணாம், அந்த ஸ்டேட்காரங்களுக்கான குறைஞ்ச இன்ஸ்டேட் ஃபீஸ் கிடைக்குமாங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். வேலை பாக்க ஈஏடிங்கற அனுமதி அட்டை வேணும், அது 2015ல இருந்து கிடைக்குது, ஆனா வீட்டுக்காரருக்கு க்ரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருக்கணும் இல்லன்னா ஹெச்1பி ஆறு வருஷத்தை தாண்டி நீட்டிச்சிருக்கணும். ஊர்ல உட்கார்ந்துட்டு அமெரிக்க ஆன்லைன் மாஸ்டர்ஸ் சேர்ந்து அப்படியே ஓபிடில, அதான் படிப்பு முடிச்சவங்களுக்கு குடுக்கற வேலை அனுமதில, இங்க வந்துடலாம்னு நினைக்காதீங்க, முழு ஆன்லைன் படிப்புக்கு எஃப்1 மாணவர் விசா கிடையாது, எஃப்1 இல்லன்னா ஓபிடியும் இல்ல.

ஊர்லயே ஆன்லைன்ல பண்ணலாமான்னு திருச்சில இருந்து நாத்தனார் கேட்டா. 2021ல வந்த அலைட் ஹெல்த் சட்டத்தோட பட்டியல்லயே ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கு, அந்த சட்டத்துக்குள்ள வர்ற படிப்பையெல்லாம் 2025 ஜூலை-ஆகஸ்ட் செஷன்ல இருந்து ஆன்லைன்லயும் தொலைதூரத்துலயும் நடத்தக்கூடாதுன்னு யூஜிசி சொல்லிடுச்சு. அதனால அங்க யாராவது ஆன்லைன் எம்எஸ்சின்னு வித்தா யூஜிசி சைட்ல பாக்காம பணம் கட்டாதன்னு சொல்லிருக்கேன். அவளுக்கு நான் குடுத்த ஐடியா, முதல்ல கோர்சேராங்கற ஆன்லைன் படிப்பு சைட்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூனிவர்சிட்டியோட ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஸ்பெஷலைசேஷனை பாரு, ரெண்டு வாரத்துல தூக்கம் வந்துச்சுன்னா இது உனக்கில்ல. இங்க இருக்கறவங்களும் நேரா மாஸ்டர்ஸ்ல குதிக்காம, நாலஞ்சு பேப்பர்ல முடியற கிராஜுவேட் சர்டிஃபிகேட் எடுத்துட்டு, அந்த கிரெடிட்டை அப்படியே மாஸ்டர்ஸ்ல சேர்த்துக்குவாங்களான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. எனக்கு இது அப்போ தெரிஞ்சிருந்தா டேட்டாபேஸும் ஃபயரும் மட்டும் படிச்சிட்டு லீடர்ஷிப்புக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

போன வாரம் அந்த கிளினிக் நர்ஸம்மாகிட்ட இருந்து மெசேஜ். புதுசா ஒரு லேப்போட சேர்ந்திருக்காங்களாம், அவங்க ஏ1சிய நாலாவதா ஒரு பேர்ல அனுப்பறாங்களாம், சனிக்கிழமை கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமான்னு.