ஆரஞ்சு முனையிலிருந்து வெள்ளை முனைக்கு: தானே போட்டுக்கொள்ளும் யூரின் டியூப், எட்டு மாத அனுபவம்

இந்த டியூப்பைப் பற்றி யாரும் வெளியே பேச மாட்டார்கள். நானே வீட்டில் "கிட்னியில் சின்னப் பிரச்சினை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். வாங்கப் போகும்போது எது நல்லது என்று கேட்க ஆளே கிடைக்காது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ஸ்ட்ரிக்சர், அதாவது யூரின் வரும் பாதை சுருங்கிப்போவது. பள்ளிக்கூட நாளில் சைக்கிள் பார் கால்களுக்கு நடுவே மோத விழுந்தேன், இரண்டு சொட்டு ரத்தம் வந்தது, அதோடு மறந்துவிட்டேன். உள்ளே அந்தக் காயம் தழும்பாகி, வருஷக்கணக்கில் மெல்ல இறுகி, முப்பத்தைந்து வயதில் யூரின் நூல் மாதிரி வந்தது, சில நாள் இரண்டாகப் பிரிந்து ஒன்று பேண்டில், ஒன்று செருப்பில். புராஸ்டேட்டாக இருக்கும் என்று மாத்திரை விழுங்கிச் சில மாதம் வீண். அப்புறம்தான் யூரோஃப்ளோ டெஸ்ட், ஒரு மெஷினில் இருக்கும் புனலில் போக வேண்டும், அவ்வளவுதான். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வர வேண்டியது எனக்கு 6. கிராஃபும் குன்று மாதிரி ஏறி இறங்காமல் மொட்டை மாடி மாதிரித் தட்டையாக இருந்தது. மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றரை சென்டிமீட்டர் சுருக்கம். கேமரா விட்டு உள்ளேயே வெட்டித் திறந்தார்கள், மறுபடி மூடாமல் இருக்க வாரம் இரண்டு முறை நானே டியூப் போட்டு எடுக்கச் சொன்னார்கள்.

சரி, டியூப்புக்கு வருவோம். இதில் ஒவ்வொரு அளவுக்கும் முனையில் ஒரு நிறம் உண்டு: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு. அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் தடிமன் வந்துவிடும், 16 என்றால் ஐந்தேகால் மில்லிமீட்டர் போல. சாதா பிளாஸ்டிக் டியூப் மலிவு, ஜெல்லி தனியாக வாங்கித் தடவ வேண்டும், ஜெல்லி குறைந்தால் உள்ளே உரசுவது நன்றாகத் தெரியும், இரண்டு நாள் எரிச்சல். இன்னொன்று பூச்சு போட்டது. பாக்கெட்டுக்குள்ளேயே சின்னத் தண்ணீர்ப் பை இருக்கும், அதை அமுக்கி உடைத்து அரை நிமிஷம் விட்டால் டியூப் விலாங்கு மீன் மாதிரி வழுக்கும், ஜெல்லி வேண்டாம். விலை பல மடங்கு, ஆனால் எனக்கு அதுதான் ஒத்துவந்தது. ஒரே குறை, நனைத்துவிட்டு போன் வந்தது என்று போய்விடக் கூடாது, காய ஆரம்பித்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை பட்டேன்.

கடையில் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மெடிக்கலில் பெண்களுக்கான குட்டை டியூப்பைக் கொடுத்துவிட்டார்கள். நிற முனை வரை உள்ளே போயும் யூரின் பையை எட்டவில்லை, ஒரு சொட்டு யூரின் வரவில்லை, எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஆண்களுக்கானது கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் இருக்கும். போடும்போது சுருக்கம் இருக்கும் இடத்தில் நிற்கும், மூச்சை இழுத்து விட்டு மெதுவாகத் தள்ள வேண்டும், முட்டித் தள்ளினால் பக்கத்துச் சதையைக் குத்திப் பொய்ப்பாதை விழுந்துவிடும். ரத்தம் நிற்காவிட்டாலோ, குளிர்ஜுரம் வந்தாலோ, யூரின் அடியோடு நின்றாலோ மறுநாள் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

இப்போது என் முட்டாள்தனம். ஆரஞ்சில் ஆரம்பித்தேன். நான்காம் மாதம் அது போகவில்லை, பச்சை வாங்கினேன், ஏழாம் மாதம் வெள்ளை. டியூப் வழவழவென்று போகிறதே என்ற திருப்தியில், பாதை திரும்பச் சுருங்கிக்கொண்டே வருவதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. டியூப் பாதையைத் திறந்து வைக்கும், தழும்பைக் கரைக்காது. இது என் மரமண்டைக்கு ஏற எட்டு மாதம் ஆனது.

வேறு டாக்டரிடம் போனேன். ஒருமுறை வெட்டித் திறந்து திரும்ப மூடியதை மறுபடி மறுபடி வெட்டுவதில் பெரிய பலன் இல்லை என்றார். சுருக்கம் குட்டையாக இருந்தால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்களாம், நீளமாகியிருந்தால் கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டுப்போடுவார்களாம், பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நன்றாக நிற்குமாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, புகையிலை போடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன், அந்த ஒரு கேள்விக்காவது நல்ல பதில் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் ஆறு வாரம் டியூப் தொடக் கூடாது, சுருக்கத்தின் உண்மையான நீளம் அப்போதுதான் தெரியும், நடுவில் யூரின் நின்றுவிட்டால் அடிவயிற்றில் ஓட்டை போட்டு டியூப் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பூச்சு டியூப்புக்கு நான்கு ஸ்டார். வீட்டில் ஆரஞ்சு முனை பதினொன்று பிரிக்காமல் கிடக்கிறது, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.