சட்டம் ஏற்றும் சம்பளமா, முதலாளி ஏற்றும் சம்பளமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் நான் காலையில் பசியாறும் கடையில் சம்பளப் பேச்சு எழாத நாளே இல்லை. மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) போதாது, 2,000 ஆக்கட்டும் என்பது ஒரு மேசை. இன்னும் ஏற்றினால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்பது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்கார அண்ணன். இரண்டும் வேண்டாம், அரசாங்கம் கொண்டுவந்த முற்போக்குச் சம்பளத் திட்டமே நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. வெட்டும் குலையின் எடைக்கு ஏற்பக் கூலி தரும் டன் கணக்கே மேல் என்று சொல்ல, பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய ஒரு பெரியவர் இருக்கிறார்.

முதலில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். 2013-இல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளியில் ஆரம்பித்தது. 2022 மே மாதம் 1,500, 2025-இல் 1,700. ஐந்து வேலையாட்களுக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்ட் வரை தவணை கிடைத்தது. இதன் பலமே யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்பதுதான். உள்ளூர் ஆளோ வெளிநாட்டு ஆளோ, சட்டம் ஒன்றே. மாதம் 26 நாள் என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 சென். அதற்குக் கீழே கொடுத்தால் குற்றம்.

ஆனால் சட்டத்துக்குள் புகுந்து விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் அக்கா அப்போது ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். 2013 ஜனவரிச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அடிப்படைச் சம்பளம் 900 என்று அழகாக இருந்தது. கீழே வழக்கமாக இருக்கும் வருகைப் படி, பயணப் படி இரண்டு வரியையும் காணோம். கூட்டிப் பார்த்தால் கைக்கு வந்தது கிட்டத்தட்ட பழைய காசுதான். படிகளை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ள அப்போது வழி இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பயணப் படி ஓவர்டைம் கணக்கிலும் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியிலும் சேராது, அது அடிப்படையில் கலந்ததால் கொஞ்சம் லாபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் எதிர்பார்த்தது அதையல்ல.

சரி, கல்லா பக்கம் வருவோம். அண்ணனிடம் ஆறு பேர், எல்லாரும் உள்ளூர். ஆளுக்கு 200 வெள்ளி ஏறினால், முதலாளி கட்டும் ஈபிஎஃப் 13 விழுக்காட்டையும் சேர்த்து 226. ஆறு பேருக்கு 1,356. நாளுக்கு 52 வெள்ளி. தேநீர்க் குவளைக்கு 20 சென் ஏற்றினால், நாளுக்கு 260 தே தாரே விற்றால்தான் அது ஈடாகும். அவர் புலம்பலில் பொய்யில்லை. ஆனால் அந்த 1,356-இல் பெரும்பகுதி இதே ஊர் மளிகைக் கடைக்கும், இதே கல்லாவுக்கும் திரும்பி வருகிறது. அதை மட்டும் அவர் கணக்கில் எழுதுவதில்லை!

முற்போக்குத் திட்டம் கேட்க இனிமையாக இருக்கிறது. தொழிலாளியைப் பயிற்சிக்கு அனுப்பிச் சம்பளத்தை ஏற்றும் முதலாளிக்கு, புது ஆளென்றால் மாதம் 200 வெள்ளி வரை, அனுபவசாலி என்றால் 300 வரை, அதிகம் போனால் 12 மாதம் அரசாங்கம் கொடுக்கும். 2025 பட்ஜெட்டில் இதற்கு 200 மில்லியன் ஒதுக்கினார்கள். சட்டத்தால் முடியாத ஒன்றை இது தொடுகிறது: பதினைந்து வருஷம் உழைத்தவரும் நேற்றுச் சேர்ந்த பையனும் ஒரே 1,700 வாங்கும் அநியாயம். ஆனால் விருப்பப்பட்ட முதலாளி மட்டும் சேரலாம். அண்ணனிடம் கேட்டேன். “அந்த ஃபாரத்தை யாருப்பா நிரப்புறது?” என்றார். அதோடு, 12 மாதம் முடிந்தபின் ஏற்றிய சம்பளத்தை அவர்தானே சுமக்க வேண்டும்?

டன் கணக்கு வேறு ரகம். பழம் கொட்டும் மாதத்தில், கை வேகமுள்ளவன் 1,700-ஐச் சுலபமாகத் தாண்டுவான். மழை மாதத்தில் குலையும் குறைவு, தோட்டப் பாதையும் சேறு. அந்த மாதத்திலும் 1,700-க்குக் குறையக் கூடாது என்பது இன்றைய சட்டம். பெரியவர் காலத்தில் இது கிடையாது. வெட்டினால் காசு, இல்லையென்றால் கடன். இதைச் சொன்னால் பெரியவர் பேச்சை மாற்றிவிடுவார்.

என் ஓட்டு 2,000-க்குத்தான். தனி ஆள் கௌரவமாக வாழ 2,700 வெள்ளி வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2018-இலேயே சொன்னது. அது கோலாலம்பூர்க் கணக்கு, இங்கே வாடகை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோல் விலை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், வேலைக்கு ஈப்போ நகர் வரை மோட்டாரில் ஓடுவது நாம்தான். பழைய ஆளுக்குக் கூடுதலாக எவ்வளவு என்பதை முதலாளியின் மனசுக்கு விடாமல் சங்கம் பேசி வாங்க வேண்டும். தோட்டத்திலாவது அதற்குத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இருக்கின்றன. அண்ணன் கடையில் பன்னிரண்டு வருஷமாகத் தோசை சுடும் அக்காவுக்கு அதுவும் இல்லை. போன வாரம் சேர்ந்த பையன் வாங்கும் அதே 1,700-தான் அவருக்கும்.